அளவு கேட்டு அனுப்புங்கள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் விழாக் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நாங்கள் பேச வந்திருப்பது ஒரு பழைய காரின் பிரேக்கைப் பற்றி. சற்றுப் பொறுத்துக் கேட்டால், அந்தப் பிரேக் எப்படி நமது கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்தில் வந்து நிற்கிறது என்பதையும் சொல்லி முடிப்போம்.

'நாங்கள்' என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இது ஒருவருடைய கதை அல்ல. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டிஸ்பென்சராக இருந்தவரின் மூன்று பெண் பிள்ளைகள் நாங்கள். மூவரும் இந்தக் கல்லூரியில் படித்தோம், இங்குள்ள விடுதியில் வளர்ந்தோம். மூத்தவர் ஆசிரியை. நடுவில் பிறந்தவர் வைத்தியர். உங்கள் முன் நின்று இதை வாசிப்பவர் அவர்தான். இளையவர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கிறார். அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. உரை மட்டும் மூவரும் சேர்ந்து எழுதியது.

எங்களை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுதி வாசலில் கொண்டுவந்து இறக்கிய சாம்பல் நிற மொரிஸ் மைனரை எங்கள் காலத்து விடுதித் தோழிகள் மறந்திருக்க மாட்டார்கள். கலஹாவிலிருந்து ஹிந்தகல வழியாக இறங்கி, பேராதனைப் பல்கலைக்கழக மரங்களைத் தாண்டி, கண்டி வாவிக் கரைக்கு வந்து சேர்வதற்குள் பின் ஆசனத்தில் இருந்த மூவரில் ஒருவராவது வாந்தி எடுத்திருப்போம். அப்பா 1984இல் ஓய்வுபெற்றுப் போன பெரிய கிளாக்கர் ஐயாவிடமிருந்து அந்தக் காரை வாங்கினார். பதிவுப் புத்தகத்தில் அதன் ஆண்டு 1959. இன்று காலையும் அதில்தான் வந்தோம், வாசலில் நிற்கிறது. திரும்பும்போது விரும்பியவர்கள் ஒருமுறை ஏறி அமர்ந்து பார்க்கலாம். வாந்திக்கு மருந்து எங்களிடம் உண்டு.

மொரிஸ் மைனர் 1948இல் பிறந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பிரித்தானியாவில் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட கார் அதுதான். 1971இல் அங்கே உற்பத்தி நின்றது. ஆனால் இலங்கையில் மைனர்கள் நிற்கவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், இருக்கிற காரை ஓட வைப்பதைத் தவிர நம்மவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு காரை உடைத்து இன்னொரு காருக்கு உயிர் கொடுத்தார்கள். கடைசல் பட்டறையில் பித்தளையைக் கடைந்து சாமான் செய்தார்கள். அந்தக் காலத்தின் தடயம் எங்கள் காருக்குள்ளும் ஒளிந்திருந்தது. அது எங்களுக்குத் தெரியவந்தது 2023இல்.

2022ஆம் ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கும். பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை, பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். வேலைக்குப் போக வேறு வாகனம் இருந்ததால் மைனரை நாங்கள் மாதக்கணக்கில் வெளியே எடுக்கவில்லை. ஓடாத காருக்குத்தான் வருத்தம் அதிகம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. அந்த ஈரத்தில் சில்லுக்குள் இருக்கும் சிலிண்டர்கள் துருப்பிடிக்கும், ரப்பர்கள் காய்ந்துபோகும். 2023 தொடக்கத்தில் வெளியே எடுத்தபோது முன் சில்லுகளின் உட்புறம் எண்ணெய் கசிந்திருந்தது. பிரேக் ஷூக்களும் நனைந்து பயனற்றுப் போயிருந்தன.

அப்பாவுக்கு அப்போது 81 வயது. சித்திரைப் புத்தாண்டுக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குத் தனது காரில்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். அங்கே தொடங்கியது எங்கள் அலைச்சல்.

கண்டியில் ஒரு கடையில், "மொரிஸா? மியூசியத்துல கேட்டுப் பாருங்க மிஸ்" என்றார்கள். இன்னொரு கடையில் நாங்கள் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே "இருக்கு" என்றார்கள். எடுத்து வைத்தது வேறொரு காருடைய சாமான். "கொஞ்சம் ராவினா சரியா வரும்" என்று ஆறுதலும் சொன்னார்கள். மூத்தவர் கொழும்புக்குப் போய்ப் பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் முழுவதும் நடந்தார். தெரு முழுக்க உதிரிப்பாகம். ஜப்பான் காரென்றால் கண்ணாடி முதல் கடைசித் திருகாணி வரை கிடைக்கும். எங்களுக்கு வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை.

இளையவருக்குச் செய்தி அனுப்பினோம். பதிவுப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பி, "1959 மொரிஸ் மைனர், முன் பிரேக் ஷூவும் சிலிண்டரும்" என்று எழுதினோம். அங்கே அது ஒரு பிரச்சினையே இல்லை. மைனர் பிரியர்களுக்கென்று சங்கங்களும் கடைகளும் அங்கே நிறைய உண்டு. மூன்று நாளில் பெட்டி அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. விடுமுறைக்கு ஊருக்கு வந்த நமது பழைய மாணவி ஒருவர் தன் பிள்ளைகளின் உடுப்புகளுக்கு நடுவில் வைத்து அதைக் கொண்டுவந்து தந்தார். ஏறக்குறைய ஐந்து கிலோ இரும்பு. அதற்காக அவர் தாயாருக்கு வாங்கிய சாமான் சிலவற்றை விட்டுவிட்டு வந்தார் என்பது பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தச் சபையில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். அவருக்கு எங்கள் நன்றி.

பெட்டியைத் திறந்தோம். புத்தம் புதுச் சாமான், பளபளப்பு. காரில் வைத்துப் பார்த்தால் ஷூ சிறியது. சிலிண்டரும் பொருந்தவில்லை.

எங்கள் காரை வழக்கமாகப் பார்ப்பவர் கெலிஓயாவில் கராஜ் வைத்திருக்கும் நானா. அப்போது நோன்பு மாதம். அவருக்கு உடல்நலமும் சரியில்லாமல் கராஜை மூடியிருந்தார். புத்தாண்டுக்கோ நான்கே நாள். அவசரப்பட்டோம். வேறோர் ஊரில், பழைய சாமான் விற்கும் ஓரிடத்தில், சிலிண்டருக்குப் போடும் ரப்பர் கிடைத்தது. பழைய ஆங்கிலப் பெட்டி, முத்திரை உடையாமல் இருந்தது. "இப்படி ஒரிஜினல் இனிக் கிடைக்காது" என்றார்கள். கேட்ட விலையைக் கொடுத்தோம். பழைய சிலிண்டரைத் தேய்த்துத் துப்புரவாக்கி, அந்த ரப்பரைப் போட்டு, பழைய ஷூவையே கழுவி, வேறொரு கையால் பூட்டுவித்தோம்.

புத்தாண்டு அன்று காலை. முன் ஆசனத்தில் அப்பா, வேட்டி சால்வையுடன். பின்னால் மூத்தவரும் அவருடைய மகளும். ஓட்டியவர் எங்களில் வைத்தியர். கலஹாவிலிருந்து இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளும் தெரியும். ஹிந்தகலைக்கு மேலே ஒரு வளைவில் மிதித்த பெடல் தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தால் காற்றை மிதித்தது போல இருந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே பாதைதான். ஓரிடத்தில் ரப்பர் விட்டுக்கொடுத்தால் நான்கு சில்லுக்கும் பிரேக் போய்விடும். மிச்சம் இருப்பது கம்பியால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் மட்டுமே. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காரை மலைப் பக்கத்து மண்மேட்டில் உரச விட்டோம். மட்கார்ட் நசுங்கி நின்றது. மறுபக்கம் பள்ளம். யாருக்கும் காயமில்லை. பின்னால் பிள்ளை அழத் தொடங்கியது. நாங்கள் வாயடைத்துப் போயிருந்தோம்.

அப்பா மெதுவாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சில்லடியில் ஒழுகியிருந்த எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பெட்டிய பாத்து வாங்கிட்டீங்க புள்ளைங்களா. சாமான பாத்தீங்களா?"

நாங்கள் பார்க்கவில்லை. ரப்பர் பல பத்தாண்டுகளாகப் பெட்டிக்குள் இருந்து இறுகிப்போயிருந்தது. விரலால் வளைத்துப் பார்த்திருந்தால் வெடிப்புத் தெரிந்திருக்கும். மருந்துப் பெட்டியின் காலாவதித் திகதியைப் பார்க்காமல் ஒரு குளிசையும் கொடுக்காதவர் அப்பா. அவருடைய பிள்ளைகள் முத்திரை உடையாத பெட்டியைக் கண்டு மயங்கிவிட்டோம்.

பெருநாள் முடிந்து நானா கராஜைத் திறந்தார். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். லெஸ்டரிலிருந்து வந்த ஷூவைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். முன் சில்லைக் கழற்றி, வேனியர் இடுக்கிமானியால் டிரம்மின் உள்விட்டத்தை அளந்தார். எட்டு அங்குலம்.

"டொக்டர் மகள், புத்தகத்துலதான் 59. முன் பிரேக் 59 இல்ல. இது எங்க வாப்பா செஞ்ச வேல" என்றார்.

1959இல் வந்த மைனருக்கு ஏழு அங்குல டிரம். பிறகு 1962இல் 1098 சி.சி. இயந்திரத்துடன் வந்த மைனருக்குத்தான் முன்னால் எட்டு அங்குல டிரம் போட்டார்கள். 1974இல், சாமான் எங்குமே கிடைக்காத காலத்தில், பெரிய கிளாக்கர் ஐயாவின் காருக்கு நானாவின் தகப்பனார், விபத்தில் சிதைந்த பிந்திய மைனர் ஒன்றின் முன் பிரேக்குகளை முழுமையாகக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். மலைப் பாதைக்கு அது இன்னும் நல்லது என்றும் சொன்னாராம். அந்த விபரம் பதிவுப் புத்தகத்தில் இல்லை. அது இருந்தது நானாவின் கராஜில், எண்ணெய்க் கறை படிந்த ஒரு அப்பியாசக் கொப்பியில். கார் இலக்கம், திகதி, எந்தக் காரிலிருந்து எது எடுத்தது என்று தமிழில் அழகாக எழுதி வைத்திருந்தார் அந்தப் பெரியவர்.

நோயாளி கொண்டுவரும் பழைய கொப்பியை மட்டும் வாசித்துவிட்டு மருந்து எழுதாதே, கையால் தொட்டுப் பார் என்று எங்களுக்குப் பேராதனையில் கற்பித்தார்கள். மனிதருக்குக் கடைப்பிடித்ததை நாங்கள் காருக்கு மறந்தோம். இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் வேனியர் இடுக்கிமானியைக் கையில் பிடித்து அளவெடுத்துப் புள்ளி வாங்கியவர்களும் நாங்களேதான்.

இம்முறை அளவை எழுதி, படமெடுத்து அனுப்பினோம். ஆகஸ்டில், பெரஹரா பார்க்க வந்த இன்னொரு பழைய மாணவியின் பெட்டியில் சரியான ஷூவும் சிலிண்டரும் வந்தன. நானா பூட்டினார். பிறகு ஒருநாள் அப்பாவைக் கட்டுக்கலைக்குக் கூட்டிப்போனோம். போகும் வழியில் ஹிந்தகல வளைவில் நிறுத்தச் சொல்லி, இறங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஏறினார். அடுத்த வருடம் அவர் காலமானார்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் நிலையம், நம் நாட்டுத் தொழிலாளர்களின் கைவண்ணத்தைக் கண்டு, இலங்கையின் தென்பகுதியிலேயே மைனருக்கான உதிரிப்பாகங்களைச் செய்விக்க ஏற்பாடு செய்தது. அதாவது இங்கே செய்த சாமான் அங்கே போனது; நாங்களோ அங்கிருந்து பெட்டியில் வரவழைக்கிறோம். ஆகவே சாமான் உலகத்தில் இல்லை என்பது எங்கள் குறையே அல்ல. பணமும் இருந்தது, அன்பும் இருந்தது, கொண்டுவர ஆளும் இருந்தது. எங்களிடம் இல்லாமல் போனவை இரண்டு: சரியான அளவு, சரியாகப் பூட்டும் கை.

இனி ஆய்வுகூடத்துக்கு வருவோம்.

எங்கள் உயர்தர வகுப்புத் தோழியர் சேர்ந்து ஆறு ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக்கு எட்டு நுணுக்குக்காட்டிகள் கொடுத்தோம். கனடாவிலுள்ள தோழிகள் வாங்கி அனுப்பினார்கள். மாலை போட்டு, படமெடுத்து, கைதட்டி ஒப்படைத்தோம். கனடாவில் மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. முதல் நாளே இரண்டின் விளக்கு எரிந்துபோனது. மற்றவற்றை ஆசிரியர் பயந்து பூட்டி வைத்தார். அந்த விளக்கு இங்கே எந்தக் கடையிலும் இல்லை. எட்டும் உறையோடு அலுமாரிக்குள் இருந்தன. கொடுத்த எங்களிடம் சொன்னால் மனம் நோகும் என்று ஆசிரியர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆறு வருடத்துப் பிள்ளைகள் வெங்காயத் தோலின் கலத்தைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதை யாரையும் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அந்த அலுமாரியில் இருந்தது எங்கள் பெட்டி. ஹிந்தகல வளைவில் அப்பா கேட்ட அதே கேள்விதான் அங்கேயும் எங்களைப் பார்த்துக் கேட்டது.

மருத்துவத்துறை இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் யாரும் கேட்காத மருந்துகளும் எங்கள் நாட்டில் வந்து இறங்கின. உலக சுகாதார நிறுவனம் வேறு அமைப்புகளுடன் சேர்ந்து மருந்து நன்கொடைக்கான வழிகாட்டலை 1996இலேயே வெளியிட்டிருந்தது. அதன் சாரம் எளிமையானது: பெறுபவர் கேட்டதைக் கொடு, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது பாவிக்கக்கூடியதாக இருக்கட்டும், பெட்டியில் எழுதியிருப்பது பெறுபவருக்கு விளங்கும் மொழியில் இருக்கட்டும். மருத்துவக் கருவிகளுக்கும் 2011இல் அவ்வாறே ஒன்று வந்தது. கொடுப்பவரின் அன்பை அந்த வழிகாட்டல்கள் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு வீண் போகக்கூடாது என்பதற்காகவே அவை எழுதப்பட்டன.

ஆகவே நூற்றாண்டை முன்னிட்டு எங்களிடம் ஒரு சிறிய வேண்டுகோள் இருக்கிறது. புதிய கட்டடம் அல்ல, ஒரு கொப்பி. நானாவின் வாப்பா வைத்திருந்தது போன்ற ஒரு கொப்பி.

அதில் ஆய்வுகூடம், நூலகம், கணினி அறை, சங்கீத அறை, விடுதிச் சமையலறை என்று ஒவ்வொன்றுக்கும் பக்கங்கள் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அதைச் செய்த நிறுவனத்தின் பெயர், மாதிரி இலக்கம், மின்னழுத்தம், விளக்கு இருந்தால் விளக்கின் இலக்கம், ஒரு படம், கடைசியாகத் திருத்தியவர் யார், திருத்தும்போது எதை மாற்றினார் என்று எழுதப்படட்டும். எழுதுவது மாணவியரின் வேலையாக இருக்கட்டும். அளவெடுக்கப் படிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. வருடத்துக்கு இருமுறை சங்கம் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து உலகெங்கும் உள்ள கிளைகளுக்கு அனுப்பட்டும்.

லண்டனிலும் ரொரன்ரோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறீர்கள் என்பதை நாங்கள் அனுபவித்து அறிந்தவர்கள். அந்த இடம் மிகவும் பெறுமதியானது. அதை நிரப்பும் முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். என்ன அளவு? யார் பூட்டுவது? இரண்டாவது கேள்விக்கு இங்கே விடை இல்லையென்றால், சாமானுக்குப் பதிலாகப் பூட்டும் கைக்குக் கூலி அனுப்புங்கள்.

அந்தக் கை குறைந்துகொண்டே வருகிறது. நானாவுக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. மகன்மார் இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. ஒருவர் கட்டாரில் இருக்கிறார். எங்கள் காரைப் பற்றிய பக்கங்களை அவருடைய அனுமதியுடன் படமெடுத்து வைத்துக்கொண்டோம். "எடுங்க மகள், எனக்குப் பிறகு யார் வாசிக்கப் போறாங்க" என்றார். வாசிப்போம் நானா என்று சொல்லிவிட்டு வந்தோம். சொன்னபடி செய்யவேண்டும்.

இளைய தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. மூத்தோர் உங்களுக்கு ஏதும் கொடுத்து அது பொருந்தாவிட்டால், மரியாதையை நினைத்துப் பேசாமல் அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். "அக்கா, இது எங்களுக்கு அளவில்லை" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி வந்திருந்தால் எங்களுக்கு ஆறு வருடம் மிச்சமாகியிருக்கும்.

முடிக்கும் முன் ஒரு நல்ல செய்தி. சென்ற மாதம் ஆய்வுகூட ஆசிரியருடன் அமர்ந்து அந்த எட்டு நுணுக்குக்காட்டிகளையும் மேசையில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றின் இலக்கத்தையும் எழுதினோம். 230 வோல்ட்டை 120 ஆகக் குறைக்கும் மின்மாற்றிகளைக் கண்டியிலேயே ஒரு பட்டறையில் செய்வித்தோம். ஆறு இப்போது வேலை செய்கின்றன. எரிந்துபோன இரண்டுக்கும் விளக்கு வேண்டும். அவற்றின் இலக்கம் கொப்பியின் முதற் பக்கத்தில் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்திருக்கும் தோழிகள் திரும்பிப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு போகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.